எல்லைப்புறச் சுரங்கப் பாரம்பரியத்துக்கு ஓர் ஆணையம்: அமைப்பதும் நடத்துவதும்

குப்பத்திலிருந்து பங்காருபேட்டைக்குப் போகும் ரயில் பாதையில் பிசாநத்தம் என்று ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அந்த ஊரிலும் அருகிலுள்ள சிகரகுண்டாவிலும் ஆந்திர மண்ணில் தோண்டப்பட்ட தங்கச் சுரங்கங்கள், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயலோடு ஒரே நிறுவனத்தின்கீழ் இயங்கியவை. வடக்குத் தெற்காக ஓடும் ஒரே பாறைப் பட்டையில்தான் இரண்டு பக்கத்துச் சுரங்கங்களும் இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரி, சேலம் பகுதிகளிலிருந்தும் போன நம் முன்னோர் இருபுறமும் இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு தங்கவயல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அருங்காட்சியகம் என்றும் சுற்றுலா வட்டம் என்றும் பேசுவார். ஒரு கூட்டம் நடக்கும். தேநீரோடு அது முடியும்.

பேச்சைக் கடந்து, இந்த எல்லைப் பகுதிக்கென ஒரு வட்டாரப் பாரம்பரிய ஆணையத்தை அமைத்து நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் நமக்கு முன்னே போனவர்கள் பெரும்பாலும் நிலக்கரி நாட்டவர்கள்: அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, பிரிட்டனின் வேல்ஸ், ஜெர்மனியின் ரூர், பிரான்சின் வடபகுதி. நம்முடையது தங்கம் என்றாலும் மூடிய சுரங்கம் விட்டுச்செல்லும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அவர்களிடமிருந்தே எடுத்துக்காட்டுகளை எடுக்கிறேன்.

முதலில் நிலம்

கட்டடத்துக்கு வரைபடம் போடும் முன் நிலம் யாருடையது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு சாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), ஒவ்வொரு லைன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு), ஒவ்வொரு சயனைடு மேடு (தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண்) ஆகியவற்றுக்கும் தனித்தனியே சர்வே எண், பட்டா அல்லது குத்தகை நிலை, வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்ற மூன்று விவரங்களும் கொண்ட ஒரு பதிவேடு வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். இதைச் செய்யாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையே போதும். 1921-இல் ஏறத்தாழ பத்தாயிரம் நிலக்கரித் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி மோதிய அந்த மலை 2009-இல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நில உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் ஆட்சேபித்தார்கள் என்ற கணக்கின்பேரில் அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் 2018-இல்தான் மீண்டும் பட்டியலில் ஏறியது. உரிமையாளர் யார், எத்தனை பேர் என்பதே ஒன்பது ஆண்டு வழக்குக்கு வித்திட்டது.

ரூர் பகுதியினர் இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டார்கள். எஸ்சென் நகரின் சோல்பராய்ன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டபோதே அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, மாநில அரசின் வளர்ச்சி நிறுவனத்தால் நிலமும் வாங்கப்பட்டுவிட்டது. பழைய இரும்புக்காரர்கள் வருவதற்கு முன் காகிதம் தயாராக இருந்தது. 2001-இல் அந்த வளாகம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தங்கவயல் மூடப்பட்டதும் அதே ஆண்டுதான் என்பது நமக்கு இனிக்கும் ஒற்றுமை அல்ல. நம்மிடம் எஞ்சியிருக்கும் ஹெட்கியர்களையும் (சாஃப்ட்டின் மேல் நிற்கும் தூக்குக் கோபுரங்கள்) கொதிகலன் வீடுகளையும் முதலில் புகைப்படத்தோடு பதிவுசெய்து, மாநிலத் தொல்லியல் துறையிடம் பாதுகாப்புக்கு மனுக் கொடுப்பது ஆணையம் பிறக்கும் முன்பே தொடங்கக்கூடிய வேலை.

இரண்டு மாநிலம், ஒரே குழு

நம் சிக்கலில் தனித்தன்மை உள்ள பகுதி இது. ஆந்திரச் சட்டமன்றம் இயற்றும் சட்டம் தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்தில் செல்லாது. கர்நாடகச் சட்டம் பிசாநத்தத்தில் செல்லாது. இரு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆணையம் வேண்டுமானால் அரசியலமைப்பின் 252-ஆவது பிரிவின்படி இரு சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டும். அதன்பின் அதைத் திருத்தும் அதிகாரமும் நாடாளுமன்றத்திடமே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஓர் அருங்காட்சியகத்துக்காக இவ்வளவு தூரம் போக எந்த அரசும் அவசரப்படாது. எனவே நான் பரிந்துரைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி: சிகரகுண்டா, பிசாநத்தம் பக்கத்துக்கு ஒரு பதிவுபெற்ற சங்கம் அல்லது 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற நிறுவனம், தங்கவயல் பக்கத்துக்கு அதுபோலவே இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே விதிமுறை, ஒரே செயலர், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம், மாறிமாறி இரு ஊர்களிலும் நடக்கும் கூட்டுக் கூட்டம். நிகழ்ச்சிக் குறிப்பு தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றிலும் எழுதப்பட வேண்டும். ஒரே மொழியில் மட்டும் எழுதப்படும் குறிப்பை மற்ற இரு தரப்பும் படிக்கமாட்டா. படிக்காத குறிப்பில் கையெழுத்திட்டவர்கள் பின்னால் சண்டைக்கு வருவார்கள்.

யார் உட்கார வேண்டும்

ஆட்சிக் குழுவின் அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை; பதினொரு பேர் போதும். அந்தப் பதினொன்றை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஆணையத்தின் தலையெழுத்து இருக்கிறது. நான்கு இடங்களைச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒதுக்கி, அவற்றில் இரண்டையாவது பெண்களுக்குக் கொடுங்கள்; கணவன் இரவு ஷிப்டுக்குப் போன வீட்டின் கதை அவர்களிடம்தான் இருக்கிறது. இரண்டு இடங்கள் உள்ளாட்சிகளுக்கு. சுற்றுலாத் துறைக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று. சுரங்கப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர், ஆவணக் காப்பாளர் ஒருவர், நில உரிமை நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர். இந்தக் கடைசி நபர் நிலம், ஏலம், மறுசுரங்கம் தொடர்பான பொருள் வரும்போது பேசலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். சயனைடு மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுப்பது பற்றிய பேச்சு ஓயாமல் இருப்பதால் இந்த விதி கற்பனையான எச்சரிக்கை அல்ல.

கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) பற்றிய விதியில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: சுரங்கக் குடும்ப உறுப்பினர்களில் இருவராவது இல்லாத கூட்டம் செல்லாது. இல்லையென்றால் அலுவலக நேரத்தில் மாவட்டத் தலைநகரில் கூட்டம் வைத்து, கூலி வேலையை விட்டு வர முடியாத நால்வரின் நாற்காலிகளை முன்னிறுத்திக்கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். வருகைப்படியும் பயணச்செலவும் அவர்களுக்குக் கூட்டத்தன்றே கையில் கொடுக்கப்பட வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி மாவட்டங்களைச் சேர்த்து 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய நிலக்கரிப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. அதை நடத்துவது மாநில அரசு அமைத்த ஓர் ஆணையம். அங்கே கவனிக்க வேண்டியது, இத்தகைய பாரம்பரியப் பகுதிகளில் மத்திய அரசு நிலத்தை வாங்குவதில்லை. ஆலோசனையும், உள்ளூரில் திரட்டும் பணத்துக்கு ஈடான நிதியும் தருகிறது. நிலமும் முடிவும் ஊரில் இருக்கின்றன. ஆனால் அதே மாநிலத்தின் மேட்வான் ஊரில் 1920-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் அதைத் தொடர்ந்த தொழிலாளர் போரையும் மையமாக வைத்த அருங்காட்சியகத்தை உள்ளூர்க்காரர்களே சேர்ந்து 2015-இல்தான் திறந்தார்கள். நிறுவனத்தின் பெருமையைச் சொல்லப் பலரும் முன்வருவார்கள், தொழிலாளியின் சண்டையைச் சொல்லத் தொழிலாளி வீட்டார்தான் வர வேண்டும் என்பதே இதிலிருந்து நான் படிப்பது.

பணத்துக்கு மூன்று கணக்கு

நுழைவுக் கட்டணத்தில் ஆணையம் நடக்கும் என்று எந்த அறிக்கையாவது சொன்னால் அதை ஓரமாக வையுங்கள். வேல்ஸின் பிக் பிட் சுரங்கம் 1980-இல் மூடி 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்று அது தேசிய அருங்காட்சியகத்தின் அங்கமாக, இலவச நுழைவோடு, பொதுப்பணத்தில் நடக்கிறது.

பாதுகாப்பு, ஆவணம், சுற்றுலா ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு ஆட்சிக் குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், சுரங்கக் குடும்ப உறுப்பினர்களில் பெரும்பான்மையும் தேவை என்று கட்டுங்கள். இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆபர்ஃபானைச் சொல்லலாம். 1966 அக்டோபர் 21-ஆம் தேதி வேல்ஸின் அந்த ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்காக உலகமே அனுப்பிய நிதியிலிருந்து, எஞ்சிய மேடுகளை அகற்றுவதற்கென்று 1,50,000 பவுண்டை அரசு எடுத்துக்கொண்டது. அந்தத் தொகை 1997-இல்தான் திருப்பித் தரப்பட்டது, அதுவும் வட்டியின்றி. துயரத்துக்காக வந்த பணம் பொறியியல் செலவுக்குப் போவது அவ்வளவு எளிது.

பாதுகாப்புக் கணக்கு ஒருநாளும் மூடப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரூர் பகுதியில் நிலக்கரித் தோண்டல் 2018-இல் முடிந்தது. ஆனால் நிலத்தடி நீரை இறைக்கும் வேலை என்றென்றைக்குமானது என்பதால் அதற்கென 2007-இலேயே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. நம் பக்கம் பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் நீர் ஏறிவிட்டது.

இறங்குவது பற்றி

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன, தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் யாரையும் கீழே இறக்கிக் காட்டும் திட்டத்தை ஆணையம் ஏற்கவே கூடாது. பிக் பிட்டில் பார்வையாளர்கள் இறங்குவது 90 மீட்டர்தான். அங்கேயும் தலையில் விளக்கு மாட்டி, தீப்பெட்டி, லைட்டர், பேட்டரி உள்ள கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், ஏனெனில் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் வாயு உண்டு. நமக்கு வாயுவின் பயம் குறைவு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறியதன் நினைவு அதிகம். நிலமட்டத்தில் ஒரு மாதிரிச் சுரங்கப்பாதை கட்டி, பழைய தொழிலாளர் ஒருவர் கூடவே நடந்து விளக்குவது போதுமானது. எந்தத் திறப்பாக இருந்தாலும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் கருத்தை எழுத்தில் பெறுங்கள். காற்றடிக்கும் கோடையில் சயனைடு மேட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். சினிமாவைப் பார்த்துவிட்டுப் படமெடுக்க வருகிறவர்களுக்கும் அங்கே வேலி போட்டே ஆக வேண்டும்.

எதைக் காப்பது

பிரான்சின் வடபகுதிச் சுரங்கப் படுகை 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது 109 இடங்கள் அதில் அடங்கின. சாஃப்ட்டுகளும் இயந்திரங்களும் மட்டுமல்ல, தொழிலாளர் குடியிருப்புகளும் ரயில் நிலையங்களும் கழிவு மேடுகளும்கூட உண்டு. அழகானதை மட்டும் எடுக்கும் ஆசையை இந்தப் பட்டியல் தடுக்கிறது. நம் பட்டியலையும் அப்படியே அகலமாக எழுத வேண்டும். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த இடம், பேத்தமங்கலம் நீர்த்திட்டம், மாரிக்குப்பம் ரயில் பாதை ஆகியவை பொறியியல் பக்கம். 1965-இல் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகள் பதிவான ஆய்வு அறிவியல் பக்கம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், அவருடைய எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டதும், 1930-இல் கைரேகை பதியமாட்டோம் என்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் பெரும்பாலான சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் விடுபட்டுப்போகும் பக்கம். ஆணையத்தின் விதிமுறையில் இந்த மூன்றாம் பக்கத்தைப் பெயர் சொல்லியே சேர்க்கச் சொல்வேன்.

பொருள்களைவிட அவசரமானது பேச்சு. 1975-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. பாறைத் தூசியால் நெஞ்சு கெட்டவர்கள் பலர் முன்பே போய்விட்டார்கள். என் தாத்தா அலமாரியில் வைத்திருந்த எண் பொறித்த பில்லை எந்த ஷிப்டுக்கு, எந்த மட்டத்துக்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. எனவே கட்டடத்துக்கு ஒதுக்கும் முதல் ரூபாய்க்கு முன் ஒலிப்பதிவுக்கு ஒதுக்குங்கள். பேசுபவரின் ஒப்புதலைத் தமிழில் எழுதி வாங்கி, ஒரு பிரதியை அவர் வீட்டுக்கும் இன்னொன்றைக் குப்பத்தில் உள்ள திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பொதுக் காப்பகத்துக்கும் கொடுங்கள். ஒரே அறையில் எல்லாவற்றையும் வைப்பது கரையானுக்கு விருந்து வைப்பதாகும்.

சுற்றுலாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வழிகாட்டி வேலையில் முதல் உரிமை சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. மக்கள் குடியிருக்கும் லைன் வீட்டுத் தெருக்களில் வண்டி நுழையக் கூடாது. ஒரு வீட்டைக் காட்சிக்கு வைப்பதானால் அதன் வாடகை அந்த வீட்டாருக்கே.

முதலாண்டில் நிலப் பதிவேடு, விதிமுறை, ஐம்பது ஒலிப்பதிவுகள், ஆபத்தான சாஃப்ட்டுகளுக்கு வேலி ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். ஆண்டு முடிவில் கணக்கைப் பிசாநத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மாரிக்குப்பத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லோர் முன்னும் வாய்விட்டுப் படியுங்கள். எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அவற்றுக்கான பதிலை வையுங்கள்.