கார்ப்பில் கை வைக்கும் முன்: பழைய மோட்டோ கூட்ஸியை வீட்டிலேயே ஓட வைப்பது

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில், மாமரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே அந்த வண்டி நின்றிருந்தது. மோட்டோ கூட்ஸி 850 டி3 (T3). "கடைசியா எப்போ ஓட்டினீங்க அங்கிள்?" என்று கேட்டேன். "ஆயா காரியத்துக்கு அப்புறம் எடுக்கலை தம்பி" என்றார். அது எந்த வருஷம் என்று அவருக்கும் சரியாக நினைவில்லை. மறுநாளே ஒரு பக்கியை வாடகைக்கு எடுத்து (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வெளியே நீட்டிக்கொண்டு கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது கார்ப்தானே (கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது)? அதைக் கழற்றிக் கழுவினேன். வண்டி கிளம்பியது, ஆனால் இடது சிலிண்டர் விட்டு விட்டு ஓடியது. மறுபடி கழற்றினேன், மறுபடி கழுவினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் வால்வு மூடியைத் திறந்து பார்த்தேன். இடது பக்க எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. இரண்டு சனி, ஞாயிறு வீண்.

அதனால் இந்தப் பதிவில் வரிசைதான் முக்கியம். ஆயில், வால்வு, பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று திறந்து மூடித் தீர்மானிக்கும் சுவிட்ச்), கடைசியில்தான் கார்ப். வால்வு சரியில்லாத இன்ஜினில் பாயின்ட்டை நம்ப முடியாது. பாயின்ட் சரியில்லாவிட்டால் கார்ப்பை எவ்வளவு திருகினாலும் பிடிபடாது.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டோ கூட்ஸி 1921-ல் தொடங்கியது. வடக்கு இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் மண்டெல்லோ தெல் லாரியோ அதன் ஊர். டி3 வந்தது 1975-ல். இரண்டு சிலிண்டர்களும் 90 டிகிரியில் விரிந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். செயின் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான பெரிய வண்டி கிடைக்காது என்பேன். வால்வைத் தொட டாங்கைக்கூடக் கழற்ற வேண்டாம், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள்

பல வருஷம் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி போட்டு உடனே பட்டனை அழுத்தத்தான் கை துடிக்கும். வேண்டாம். அந்தக் காலத்து டி3 சிலிண்டரின் உட்சுவரில் குரோம் பூச்சு இருக்கும். ஈரத்தில் நின்றால் அது பொருக்குப் பொருக்காக உரியும். டர்பன் கடற்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஜனவரியில் வீட்டுச் சாவிகூடத் துருப்பிடிக்கும். உரிந்த குரோம் ஆயிலில் கலந்து ஓடினால் பேரிங்கைத் தின்றுவிடும்.

இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். போனில் மாட்டும் சின்னக் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. சுவர் கண்ணாடி மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். சாம்பல் நிறத் திட்டோ நகத்தில் தட்டுகிற விளிம்போ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த வண்டிக்குத் தேவை நிக்காசில் பூச்சுள்ள புது சிலிண்டர் செட். அது இன்னொரு பதிவுக்கான வேலை.

நன்றாக இருந்தால், ஒவ்வொரு பிளக் துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நடு ஸ்டாண்டு போட்டு, ஐந்தாவது கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் இன்ஜின் சுலபமாகச் சுற்றும். இந்த வித்தையை நினைவில் வையுங்கள், இனி வரும் எல்லா வேலைக்கும் இதுதான்.

மூன்று இடம், மூன்று ஆயில்

ஜப்பான் வண்டி, இந்திய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அவற்றில் பெரும்பாலும் இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கூட்ஸியில் தனித்தனி. இன்ஜினுக்கு 3 லிட்டர், 20டபிள்யூ-50 போதும். கியர் பெட்டிக்கு முக்கால் லிட்டர் 90 நம்பர் கியர் ஆயில். பின்சக்கரத்துப் பெட்டிக்குக் கால் லிட்டர், அதுவும் கியர் ஆயில்தான். இந்தக் கால் லிட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எனக்கு வந்த வண்டியில் அதிலிருந்து தண்ணீர் கலந்த பால்காப்பி நிறத்தில் வழிந்தது.

ஆயில் ஃபில்டர் வெளியே தெரியாது. டி3-ல் அது ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ளே இருக்கிறது. அடித்தட்டையே இறக்க வேண்டும். அலுத்துக்கொள்ளாமல் இறக்குங்கள், தட்டின் அடியில் படிந்திருக்கும் வண்டல் அந்த வண்டியின் ஜாதகம். கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் பாருங்கள். கறுப்புக் கூழ் பரவாயில்லை. மினுமினுக்கும் துகள் இருந்தால் மேலே சொன்ன குரோம் கதைதான். புது ஃபில்டரைக் கையால் இறுக்கி, அதைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை மாட்டுங்கள். உள்ளே ஃபில்டர் தானாகக் கழன்றால் வெளியே யாருக்கும் தெரியாது என்பதால் கூட்ஸிக்காரர்கள் செய்கிற ஏற்பாடு இது.

அடித்தட்டு போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குகின்றன. "இன்னும் கால் சுற்று" என்று நான் இழுத்த ஒரு போல்ட், வெண்ணெயில் இறங்குவது போலச் சுழன்றது. மரை போய்விட்டது. கம்பிச்சுருள் மரை போட்டுச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது. சின்ன ஆலன் கீயைக் குட்டைப் பக்கமாகப் பிடித்து, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வால்வு: இங்கே நேரம் செலவழியுங்கள்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் காப்பிக்கு முன்னால் செய்வது உத்தமம்.

வலது சிலிண்டரில் தொடங்குவோம். வால்வு மூடியின் ஆலன் ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கையோடு வரும். கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் வழியும். உள்ளே இரண்டு ராக்கர். பின்னால், கார்ப் பக்கம் இருப்பது இன்லெட். முன்னால், சைலன்சர் குழாய்ப் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதுதான் இடைவெளி பார்க்க வேண்டும், அதுவும் கம்ப்ரெஷன் உச்சியில், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது. பின்சக்கரத்தை மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். இன்லெட் ராக்கர் வால்வை அமுக்கி, பிறகு மேலே விடும். அது முழுக்க மேலே வந்ததும் இன்னும் மெதுவாகச் சுற்றுங்கள். இன்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தில், வலது பக்கம், ரப்பர் அடைப்பான் போட்ட ஒரு துளை இருக்கும். அதன் வழியே டார்ச் அடித்தால் ஃப்ளைவீலில் ஓர் எழுத்தும் கோடும் தெரியும். டி (D) என்றால் தெஸ்த்ரா, வலது. எஸ் (S) என்றால் சினிஸ்த்ரா, இடது. இத்தாலிய மொழியில் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையும் இந்தத் துளையில் கற்றவைதான்.

டி கோடு துளையின் குறிக்கு நேரே வந்ததும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக 'டிக் டிக்' என்று ஆட வேண்டும். ஒன்று ஆடாமல் விறைத்துக்கொண்டிருந்தால், ஒன்று நீங்கள் தவறான சுற்றில் இருக்கிறீர்கள், அல்லது என் வண்டிபோல இடைவெளி தீர்ந்துவிட்டது. இன்ஜினை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, டி கோட்டில் நிறுத்தி மறுபடி பாருங்கள், தெரிந்துவிடும்.

டி3-க்குக் கையேடு சொல்வது இரண்டு வால்வுக்கும் 0.22 மி.மீ. மற்ற கூட்ஸிகளுக்கு அளவு மாறும், உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஃபீலர் கேஜ் செட்டில் பெரும்பாலும் 0.22 தகடு இருக்காது. 0.20 தாராளமாக நுழைய வேண்டும், 0.25 நுழையக் கூடாது. அவ்வளவுதான்.

லாக் நட்டை ஸ்பானரால் தளர்த்தி, நடுவில் உள்ள ஸ்குரூவைத் திருப்பி அளவை வையுங்கள். சரியான அளவில் தகடு, புது நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே இழுப்பது போல ஒரு சின்னப் பிடிப்போடு வரும். இப்போது ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். கட்டாயம் மாறியிருக்கும், முதல் தடவை எல்லோருக்கும் மாறும். மூன்று நான்கு முறை செய்தால் கை பழகிவிடும்.

அளவில் சந்தேகமா? ஒரு நூலளவு கூடுதலாகவே வையுங்கள். கூடுதல் என்றால் டாப்பெட் சத்தம் போடும், அவ்வளவுதான். குறைந்தால் வால்வு முழுக்க மூடாமல் எரிந்துபோகும், அதுவும் அமைதியாக.

இடது பக்கம் அதே வேலை, எஸ் கோட்டில்.

பாயின்ட்

இரண்டு சிலிண்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தனித்தனிப் பாயின்ட். முகம் கருகியிருந்தால் உப்புத்தாளில் தேய்ப்பது ஒரு வாரத்துக்குத்தான் வரும், புதிது போட்டுவிடுங்கள். முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.37-லிருந்து 0.43 மி.மீ. வரை.

அடுத்து டைமிங். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு எடுத்து, ஒரு ஒயரைப் பாயின்ட் முனையிலும் மற்றதை இன்ஜின் எர்த்திலும் பிடியுங்கள். சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைந்திருக்கும், திறந்த நொடியில் எரியும். சக்கரத்தைச் சுற்றும்போது டி எழுத்து வருவதற்குச் சற்று முன்னால் ஃப்ளைவீலில் இன்னொரு குறி வரும், அதுதான் தீப்பொறி விழ வேண்டிய இடம். அந்தக் குறியில் பல்பு எரிய வேண்டும். முதலில் வலது சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டரையே சற்றுத் திருப்பி. பிறகு இடது, அதன் பாயின்ட் தட்டை மட்டும் நகர்த்தி. இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் (coil) சூடாகிக் கெட்டுவிடும். பிளக் இடைவெளி 0.6 மி.மீ.

இப்போது கார்ப்

டெல்லோர்ட்டோ கம்பெனி கார்ப், பக்கத்துக்கு ஒன்று. நின்ற வண்டியில் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் காய்ந்த பெட்ரோல் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியிருக்கும். ஜெட்டுகளை (பெட்ரோல் அளந்து வரும் நுண்துளைத் திருகுகள்) கழற்றி, கார்ப் கிளீனரில் ஊறவைத்து ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட் உதவாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒரு மயிர் போதும். பெட்ரோல் குழாய் வந்து சேருகிற இடத்தில் ஒரு குட்டி வலை இருக்கும், அதை மறக்காதீர்கள்.

மாட்டிய பின் காற்றுத் திருகை மெல்ல முழுக்க உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அது ஆரம்பப் புள்ளி. அப்புறம் முக்கியமான விஷயம்: ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது இரண்டு பக்க சிலைடும் (கார்ப்பின் காற்று வழியைத் திறந்து மூடும் அடைப்பு) ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். ஏர் குழாய்களைக் கழற்றி இரண்டு கார்ப்பிலும் ஆளுக்கொரு விரலை விட்டுக்கொள்ளுங்கள். பையனையோ வீட்டுக்காரரையோ ஆக்ஸிலரேட்டரை மெதுவாக முறுக்கச் சொல்லுங்கள். எது முந்துகிறது என்று விரலுக்குத் தெரியும், அந்தப் பக்கக் கேபிளைத் தளர்த்துங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டும்தான் இந்த விரல் வேலை.

பிரேக்கும் ஒயரும்

டி3-ல் கால் பெடலை அமுக்கினால் பின் டிஸ்க்கும் முன் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும், கை லீவர் முன் வலது டிஸ்க்குக்கு மட்டும். அதனால் காற்று வெளியேற்றும்போது பெடல் ஒன்றுக்கே இரண்டு இடத்தில் வேலை. பழைய ரப்பர் ஹோஸை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால் பிடித்த பிரேக் விடாது. புது ஹோஸ், டாட் 4 ஆயில். டாங்க் மேல் ஒரு பழைய துண்டைப் போடுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் உரியும்.

ஒயரில் கோளாறு என்றால் பத்தில் எட்டு எர்த்தாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் ஒயரைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். பட்டனை அழுத்தினால் 'டக்' என்று மட்டும் கேட்கிறதா? பழைய சாவி வழியே போய் வருவதற்குள் கரன்ட் இளைத்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ரிலே போட்டால் தீர்ந்தது.

கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கினால் வண்டி வலது பக்கம் சாயும். பயப்படாதீர்கள், கிராங்க் நீளவாட்டில் சுற்றுவதால் எல்லாக் கூட்ஸியும் அப்படித்தான்.

முதல் ஓட்டத்துக்கு நான் ஞாயிற்றுக்கிழமை காலை போத்தாஸ் ஹில் வரை போய் வந்தேன், அவசரமில்லாமல். வந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி. வண்டிக்குக் கீழே நீளவாக்கில் செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால், அடித்தட்டுக்குக் கீழே என்றால் இன்ஜின் ஆயில், போல்ட்டுகளை மெல்லச் சரிபாருங்கள். பின்சக்கரத்தடியில் என்றால் அந்தக் கால் லிட்டர் பெட்டி. நடுவில் என்றால் மோந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் பெட்டி ஆயில். அடிக்காவிட்டால் இன்ஜினின் பின் சீல், அதற்குக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். என் தாளில் நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு கறை. மோந்து பார்த்தேன், கந்தகம்தான். வடிகால் நட்டின் செப்பு வாஷரை மாற்றினேன், மறுநாள் தாள் சுத்தமாக இருந்தது.