கொட்டிலில் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம்தான். அவற்றைத் திருத்தவும் வாங்கவும் விற்கவும் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வளவின் மூலையில், படங்குக்குக் கீழே, இரண்டே இரண்டு சீற் உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் முப்பது வருஷமாக நின்றால் என்ன செய்வது என்றுதான் பலருக்குத் தெரிவதில்லை. பழைய இரும்பு எடுப்பவர் வந்து நிறைக்கு விலை சொல்வார். 700 கிலோ அளவு நிறையுள்ள சின்னக் காருக்கு இரும்பு விலையில் என்ன கிடைக்கும்? ஆனாலும் இடம் காலியாகட்டும் என்று கொடுத்துவிட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நின்றது 1963ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட், பெரியமாமாவுடையது. 1990இல் சண்டை மறுபடி தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றபோது கொட்டிலுக்குள் விட்டார். பிறகு அவர் கனடாவுக்குப் போய்விட்டார், கார் நின்றுவிட்டது. போன வருஷம்தான் விற்றோம். அதில் கற்றுக்கொண்டதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒன்றும் செய்யாதீர்கள்

விற்கப் போகிறோம் என்றதும் வீட்டில் எல்லோரும் சொல்வது, "கழுவி ஒரு பெயின்ற் அடிச்சுப்போட்டு விப்பம்" என்பதுதான். அதைச் செய்யவே கூடாது. திருத்தி எடுக்க ஆசைப்பட்டு வருபவர் பார்க்க விரும்புவது தகரத்தின் உண்மையான நிலையை. பட்டி பூசிப் பெயின்ற் அடித்த காரைக் கண்டால், உள்ளே எதை மறைத்திருக்கிறார்களோ என்று பயந்து விலையைப் பாதியாக்குவார். செலவழித்த காசும் போகும், காரின் விலையும் போகும்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். வெடித்த ரப்பருக்குள்ளால் இறங்கும் தண்ணீர் தரைத் தகரத்தில் தேங்கிக் கறளைக் கூட்டும். காய்ந்த தும்புத்தடியால் தூசியைத் தட்டிவிட்டால் போதும். அதற்கும் முதல், படங்கை விலக்கிய கையோடு தூசியுடனேயே படம் எடுத்து வையுங்கள். இத்தனை வருஷம் அசையாமல் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

2. என்ன கார் என்று சரியாகக் கண்டுபிடியுங்கள்

"பழைய எம்.ஜி." என்றால் போதாது. எஞ்சின் அறைக்குள் திருகியிருக்கும் சின்னத் தகட்டில் சசி இலக்கம் இருக்கும். மிட்ஜெட்டில் அது ஜி-ஏஎன் என்று தொடங்கும், அதற்குப் பிறகு வரும் எண்தான் முக்கியம். ஜி-ஏஎன்1 என்றால் 1961இல் வந்த 948 சிசி எஞ்சின் கார். ஜி-ஏஎன்2 என்றால் 1962இல் தொடங்கிய 1098 சிசி. 1964 வரையான இந்தக் கார்களில் கதவுக்கு வெளியே கைபிடியே கிடையாது, கையை உள்ளே விட்டுத்தான் திறக்கவேண்டும். கண்ணாடியும் சுற்றி ஏற்றுவது இல்லை, கழற்றி வைப்பது. சின்ன வயதில் எங்கள் கார் கைபிடி உடைந்த கார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இலக்கத்தை எழுதிக்கொள்வதோடு நிற்காமல், அதன்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் எடுங்கள். இரண்டும் வாகனப் புத்தகத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். வாங்குபவர்கள் அதைப் பெரிதாக மதிக்கிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்.ஜி., ஒஸ்ரின், மொறிஸ் போன்ற கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் கார் செய்யப்பட்ட நாள், முதல் நிறம், எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் போட்டு ஒரு சான்றிதழ் அனுப்புவார்கள். எங்கள் கார் சிவப்பு. கதவின் உள்மூலையில் பெயின்ற் உரிந்த இடத்தில் மட்டும் வெள்ளை தெரிந்தது. சான்றிதழிலும் வெள்ளை என்றே வந்தபோது, அந்த மூலையை யாரும் தேய்த்துவிடவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

3. தகரத்தைப் பாருங்கள், எஞ்சினைப் பிறகு பார்க்கலாம்

இதுதான் விலையைத் தீர்மானிக்கும் இடம். இந்த மாதிரிக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கூரையும் இல்லாததால் முழுப் பாரத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டிகள்தான் தாங்குகின்றன. அவை இற்றால் கார் நடுவில் தொய்யும்.

தொய்ந்ததா என்று அறிய, கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் நல்லது. மேலே ஒட்டிக்கொண்டு கீழே விரல் போகும் அளவுக்கு விரிந்திருந்தால் படிப்பெட்டி போய்விட்டது. பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. சீற்றுகளுக்குப் பின்னால், பின் வில்லுத் தகடுகள் உடலில் பூட்டியிருக்கும் இடத்தையும் டோச் அடித்துப் பாருங்கள். 1964க்கு முந்திய கார்களில் அங்கே கறள் பிடித்தால் பெரிய வேலை.

எங்கள் காரில் இடதுபக்கப் படிப்பெட்டி முழுவதும் போயிருந்தது. அரை நூற்றாண்டாகப் பழைய கார்களோடு வாழும் ஒரு கராஜ் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஸ்குறூ டிரைவரின் பிடியால் நுனியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பிறகு ஓரிடத்தில் பப்படத்தைத் தட்டியது போல ஒரு சத்தம். "பிள்ளை, இதைத் தொடாதேங்கோ. வாறவருக்கு இதையே தட்டிக் காட்டுங்கோ" என்றார். அப்படியே காட்டினேன். வாங்கியவர் பேரம் பேசாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

4. ஸ்ராட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்

புதுப் பற்றரி போட்டு ஒரு அடி அடித்துப் பார்ப்போம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சிலிண்டரில் எண்ணெய் காய்ந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கும். திடீரென்று இழுத்தால் வளையம் உடையும், சிலிண்டர் கீறும். தாங்கியில் மிஞ்சிய பெற்றோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதுவும் உள்ளே போகும்.

மெக்கானிக்கைக் கொண்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு கிழமை விடுங்கள். பிறகு முன்பக்கக் கப்பியின் நட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். சுற்றினால் "கையால் சுற்றுகிறது" என்று எழுதலாம். சுற்றாவிட்டால் பலம் போடாமல், இறுகியிருக்கிறது என்றே எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் கட்டாயம் வரும் கேள்வி, "மண்ணெண்ணெயில ஓடினதோ?" என்பது. தொண்ணூறுகளில் இங்கே ஓடிய கார்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடியவை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயை இளக்கிவிடும், பெயரிங்குகள் தேயும். ஓடியிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் விளம்பரத்தின் மேல்வரியிலேயே போடுங்கள்.

5. சாமான்களை ஒன்று சேருங்கள்

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அம்மப்பா காரின் இரண்டு எஸ்யு கார்பரேட்டர்களையும் கழற்றி, ஒரு பிஸ்கற் பேணிக்குள் வைத்து, சைக்கிளில் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார். கொண்டுபோக எத்தனையோ இருந்தும் அதையும் எடுத்தார். அடுத்த வருஷம் பேணியோடு திரும்பி வந்தார். அந்தப் பேணி அறைப் பெட்டகத்துக்குப் பின்னால் கிடந்தது.

அதனால் வீடு முழுக்கத் தேடுங்கள். பரண், அலுமாரி, கிணற்றடிக் கொட்டில் எல்லாம். சில்லு மூடி, துணிக்கூரையின் கம்பிகள், கழற்றும் கண்ணாடிகள், திறப்பு, பழைய பற்றுச்சீட்டு, அந்தக் காலப் படம், எல்லாம் காரோடு சேர்ந்தவை. மிட்ஜெட்டின் எஞ்சின் மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு உறவுக்காரன், ஒரே ஏ-சீரிஸ் குடும்பம். ஆகவே நம் ஊரில் சாமான் கைமாறியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் ஸ்ராட்டர் மோட்டர் அயலில் ஒரு மைனருக்குப் போயிருந்தது. இல்லை என்றே எழுதினோம்.

அப்புறம், காரைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் "அந்த ஸ்ரியறிங் சில்லை மட்டும் தாங்கோ அக்கா, நல்ல காசு தாறன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். ஒன்று போனால் அடுத்தவர் இன்னொன்றைக் கேட்பார், கடைசியில் கோது மட்டும் மிஞ்சும்.

6. கடதாசிகள்

புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விற்கலாம். அவர் வெளிநாட்டில் என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகம் மூலம் உறுதிப்படுத்திய அற்றோர்னித் தத்துவம் வேண்டும், அதை இங்கே பதியவும் வேண்டும். அவர் காலமாகிவிட்டார் என்றால் விளம்பரம் போட முதல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து அது ஒழுங்காகாமல் காசு வாங்கவேண்டாம். புத்தகம் தொலைந்திருந்தாலும், வருமான உத்தரவுப் பத்திரம் பல வருஷமாக எடுக்காமல் இருந்தாலும் முதலில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போய் விசாரித்து, நிலைமையை வாங்குபவருக்கு அப்படியே சொல்லுங்கள்.

7. விளம்பரமும் விலையும்

இக்மன், ரியசெவன போன்ற தளங்களில் போடலாம். கொழும்பில் விண்டேஜ், கிளாசிக் கார்ச் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றின் ஆட்களுக்கும் தெரியப்படுத்துங்கள். எங்களுக்கு ஆள் வந்தது அந்த வழியால்தான். நாங்கள் எழுதியது இவ்வளவு:

"1963 எம்.ஜி. மிட்ஜெட், 1098 சிசி, யாழ்ப்பாணம். 1990 முதல் கொட்டிலில், ஓட்டவில்லை. மண்ணெண்ணெயில் ஓடியதில்லை. எஞ்சின் கையால் சுற்றுகிறது, ஸ்ராட் செய்து பார்க்கவில்லை. இடது படிப்பெட்டி இற்றுவிட்டது. பின் பிரேக் இறுகியிருக்கிறது. ஸ்ராட்டர் மோட்டர் இல்லை. கார்பரேட்டர் இரண்டும் உண்டு. புத்தகம் உண்டு, இலக்கங்கள் பொருந்தும். சாமான் பிரித்துக் கொடுப்பதில்லை."

குறைகளை முதலே எழுதியதால் வீண் அழைப்புகள் குறைந்தன. விலைக்கு, ஓடுகிற மொறிஸ் மைனரோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு சந்தை. ஓடுகிற மிட்ஜெட் இலங்கையில் என்ன விலை போகிறது என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். தகரவேலை, பிரேக், எஞ்சின், உள்வேலை என்று கராஜில் மதிப்பீடு எடுத்துக் கழியுங்கள். மிட்ஜெட்டின் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன, அதையும் வாங்குபவருக்கு நினைவூட்டுங்கள். முதல் கிழமையிலேயே விற்க அவசரப்படவேண்டாம். நாங்கள் நான்கு மாதம் காத்திருந்தோம்.

8. கைமாற்றும் நாள்

காசு வங்கிக் கணக்குக்கு வந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவரின் பெயரில்லாமல் வெறும் படிவங்களில் ஒப்பம் வைத்து "ஓபின் பேப்பர்" கொடுக்கும் வழக்கம் ஊரில் இருக்கிறது. அதைச் செய்தால் நாளைக்கு அந்தக் கார் எதில் மாட்டினாலும் உங்களைத்தான் தேடி வருவார்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதி, திகதி, நேரம் போட்ட விற்பனைக் கடிதம், உரிமை மாற்றப் படிவங்களின் பிரதி எல்லாவற்றையும் வைத்திருங்கள். விற்றதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களும் உடனே அறிவியுங்கள்.

கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இறுகிய சில்லோடு இழுத்தால் இற்ற படிப்பெட்டி அங்கேயே மடங்கும். கார் ஏற்றும் லொறி வரட்டும், ஏற்றுகிற செலவு யாருடையது என்பதை முதலே பேசிவையுங்கள்.

எங்கள் கார் விடியற்காலையில் கொழும்புக்கு ஏறியது. மாமா கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். "பிஸ்கற் பேணியைக் குடுத்திட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டார். வாங்கியவர் அதைப் பின்னால் ஏற்றாமல் லொறியின் முன் சீற்றில் தன் மடியில் வைத்திருந்தார். போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.