விண்டோஸ் 11: ஒரே திரையில் பல டெஸ்க்டாப்களை அமைத்து வேலைகளைப் பிரித்துக்கொள்வது எப்படி?

ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் நாட்களில் ஒரு கணக்காளரின் கணினியில் டேலி என்னும் கணக்கு மென்பொருள், இரண்டு மூன்று எக்செல் கோப்புகள், ஜிஎஸ்டி இணையதளம், வங்கிக் கணக்கு அறிக்கை, மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஆகியவை ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வேண்டிய சாளரத்தைத் தேடித் தேடி அலுத்துப்போனவர்கள் இரண்டாவது மானிட்டர் வாங்கும் முன், 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதலே இயங்குதளத்துடன் இலவசமாக வரும் மெய்நிகர் டெஸ்க்டாப் (ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய தனித்தனிப் பணியிடங்கள்) வசதியைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இந்த வசதி திறந்திருக்கும் சாளரங்களை மட்டுமே பிரிக்கிறது. கோப்புகள், திரையிலுள்ள ஐகான்கள், நகலெடுத்து வைத்த உரை ஆகியவை எல்லா டெஸ்க்டாப்களுக்கும் பொதுவானவை. கண்ணுக்குத் தெரியாத டெஸ்க்டாப்பிலுள்ள மென்பொருள்களும் தொடர்ந்து இயங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், கணினியின் வேகம் இதனால் கூடிவிடாது.

முதலில் விண்டோஸ் விசையையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் வியூ என்னும் காட்சி திறக்கும். அதன் கீழ்வரிசையில் உள்ள 'நியூ டெஸ்க்டாப்' என்பதைச் சொடுக்கினால் இரண்டாவது டெஸ்க்டாப் உருவாகும். விண்டோஸ், கண்ட்ரோல், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், புதிய டெஸ்க்டாப் உருவாவதுடன் நேராக அங்கேயே சென்றுவிடலாம்.

அடுத்து, அதே கீழ்வரிசையில் டெஸ்க்டாப்பின் மீது வலது சொடுக்கு செய்து, 'ரீநேம்' மூலம் 'கணக்கு', 'கடிதங்கள்' என்று தமிழிலேயே பெயரிடலாம். 'சூஸ் பேக்ரவுண்ட்' மூலம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பின்னணிப் படம் வைக்கலாம். அலங்காரம்தானே என்று பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்பதைப் பெயரைவிடப் பின்னணியின் நிறமே விரைவாகக் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, விண்டோஸ், கண்ட்ரோல் விசைகளை அழுத்தியபடி இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்துங்கள். புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டச்பேடில் நான்கு விரல்களை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் போதும்.

ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்தை இடம் மாற்ற, டாஸ்க் வியூவில் அதைப் பிடித்திழுத்துக் கீழேயுள்ள வேறு டெஸ்க்டாப்பின் மீது விட்டுவிடுங்கள். கால்குலேட்டர் போல எங்கும் தேவைப்படுவதாக இருந்தால், டாஸ்க் வியூவில் அதன் மீது வலது சொடுக்கு செய்து 'ஷோ திஸ் விண்டோ ஆன் ஆல் டெஸ்க்டாப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும் இச்சலுகையை அளிக்காதீர்கள். பிரித்ததன் பயனே போய்விடும்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எக்செலுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று என மென்பொருள்வாரியாகப் பிரித்தால், ஒரே வேலைக்காக இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்க நேரும். அதற்குப் பதிலாக வேலைவாரியாகப் பிரியுங்கள். டேலியும், அதனுடன் ஒப்பிட வேண்டிய எக்செல் கோப்பும், ஜிஎஸ்டி இணையதளம் திறந்துள்ள பிரவுசர் சாளரமும் ஒரு டெஸ்க்டாப்பில் இருக்கட்டும். மின்னஞ்சலுக்கான தனி பிரவுசர் சாளரமும் வாட்ஸ்அப்பும் மற்றொன்றில் இருக்கட்டும். தொடக்கத்தில் இரண்டு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

வேறு டெஸ்க்டாப்பில் உள்ள சாளரங்களும் திரையின் கீழ்ப்பட்டையில் (டாஸ்க்பார்) தெரிய வேண்டுமா என்பதை செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங், டெஸ்க்டாப்ஸ் என்ற வரிசையில் சென்று மாற்றிக்கொள்ளலாம்.

தேவையற்ற டெஸ்க்டாப்பை மூட, அதில் இருந்தபடியே விண்டோஸ், கண்ட்ரோல், எஃப்4 விசைகளை அழுத்துங்கள். அதிலிருந்த சாளரங்கள் மூடப்படாமல் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்ந்துவிடும். விண்டோஸ் விசையை மறந்து மற்ற இரண்டை மட்டும் அழுத்தினால், பிரவுசரில் திறந்திருக்கும் டேப் மூடிக்கொள்ளும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் டெஸ்க்டாப்களும் அவற்றின் பெயர்களும் அப்படியே இருக்கும். ஆனால் மென்பொருள்கள் தாமாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே காலையில் முதலில் உரிய டெஸ்க்டாப்புக்குச் சென்று, அதன் பிறகு அங்கே வேண்டிய மென்பொருளைத் திறவுங்கள்.