‘ஒரு புளியமரத்தின் கதை’யை வகுப்பில் நடத்துவதும் மதிப்பிடுவதும்

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை நான் முதன்முதலில் இளங்கலை வகுப்புக்கு நடத்தியபோது, தேர்வில் ‘புளியமரத்தின் சிறப்புகளை நாவல்வழி விவரிக்க’ என்று ஒரு வினா கேட்டிருந்தேன். வந்த விடைகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தையில் வாங்கிய நோட்ஸிலிருந்து வரி மாறாமல் எழுதப்பட்டவை. மீதியில் சில, புளியின் மருத்துவக் குணங்களைப் பற்றிப் பேசின. மாணவர்களைக் கோபித்துக்கொண்டு பயனில்லை என்பது விடைத்தாள் கட்டை இரண்டாம் முறை புரட்டியபோதுதான் உறைத்தது. நாவலைத் திறக்காமலேயே விடை எழுதக்கூடிய வினாவைக் கேட்டவன் நான்தான். அதற்குப் பிறகு இந்த நாவலை நடத்தும்போதெல்லாம் ஒரே விதியைக் கடைப்பிடிக்கிறேன்: வகுப்பில் கேட்கும் கேள்வியானாலும் தேர்வு வினாவானாலும், அது மாணவரை நாவலின் ஏதேனும் ஒரு பக்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

1966-இல் நூலாக வெளிவந்த இந்நாவலுக்கு முன்னுரை வகுப்பு நீளமாகத் தேவையில்லை. ஆசிரியர் பிறந்த ஆண்டு, பெற்ற பரிசுகள் என்று ஒரு மணி நேரத்தைச் செலவிடுவதைவிட, கதை நிகழும் நிலம் நெடுங்காலம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாக இருந்தது என்பதையும், அது 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தது என்பதையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவது போதும். இதைச் சொல்லாவிட்டால், தமிழ் பேசும் ஊருக்குள் மகாராஜா எங்கிருந்து வந்தார் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவர் திகைப்பார். நாஞ்சில் வட்டாரப் பேச்சில் புரியாத சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்; உரையாடலை வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலான சொற்கள் தாமாகவே பொருள் தந்துவிடும், தராதவற்றை மாணவர்கள் கேட்பார்கள்.

முதல் அத்தியாயத்தை ஆசிரியரே வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது. முச்சந்தியில் நின்ற அந்த மரம் இப்போது இல்லை என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. முடிவு இப்படி முதலிலேயே வெளிப்பட்ட பிறகு வாசகரை எது கடைசிவரை இழுத்துச் செல்கிறது என்ற கேள்வியை அன்றே கரும்பலகையில் எழுதிவைத்து, விடை எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிட வேண்டும். நாவல் முடியும் நாளில் அதே கேள்விக்குத் திரும்பும்போது, ‘என்ன நடக்கும்’ என்று படிப்பதற்கும் ‘எப்படி, யாரால் நடந்தது’ என்று படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே சொல்வார்கள்.

முற்பகுதியில் நிதானிக்க வேண்டிய இடம், ஊரின் பழங்கதைகளைச் சொல்லும் முதியவரான தாமோதர ஆசான். குளத்தின் நடுவே மரம் நின்ற காலம், மரத்தில் தூக்கிட்டுக்கொண்ட செல்லத்தாயியின் கதை, மகாராஜாவின் வருகையையொட்டிக் குளம் தூர்க்கப்பட்ட வரலாறு என எல்லாம் ஆசானின் வாய்வழியாகவே வருகின்றன. அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் இளைஞர்களுள் ஒருவன் பிற்காலத்தில் நமக்கு அவற்றைத் திருப்பிச் சொல்கிறான். ஆக, நாம் கேட்பது ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும் கதை. இதை ‘கதைசொல்லியின் நம்பகத்தன்மை’ என்று கோட்பாட்டுப் பெயர் சூட்டித் தொடங்கினால் வகுப்பு கொட்டாவி விடும். மாறாக, ஆசான் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள்: அவர் நேரில் கண்டிருக்கக்கூடியவை, பிறர் சொல்லிக் கேட்டிருக்கக்கூடியவை, எவருமே அறிந்திருக்க வாய்ப்பில்லாதவை. மூன்றாம் கட்டம் நிரம்ப நிரம்ப வகுப்பில் சலசலப்பு எழும். ‘அப்படியானால் ஆசான் புளுகுகிறாரா?’ என்று ஒருவர் கேட்டே தீருவார். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. ஒருமுறை ஒரு மாணவி, ‘எங்க ஆச்சியும் பார்க்காததை எல்லாம் பார்த்த மாதிரிதான் சொல்லும், ஆனா அது பொய்ன்னு நாங்க யாரும் சொன்னதில்லை’ என்றாள். வாய்மொழி வரலாறு பற்றி நான் வைத்திருந்த நான்கு பக்கக் குறிப்பை அன்று எடுக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை.

இரண்டாவதாக நிதானிக்க வேண்டிய இடம் காற்றாடி மரத் தோப்பு, அதாவது சவுக்குத் தோப்பு, அழிக்கப்படும் பகுதி. தோப்பை வெட்டிப் பூங்கா அமைக்கிறார்கள். அதைப் பார்த்து நிற்பவர்களுக்கிடையே நடக்கும் பேச்சு மிகச் சிறியது: மரத்தை வெட்டிவிட்டுச் செடி வைக்கப் போகிறார்கள், செடி அழகுக்காக, அது மரமாக வளர்ந்துவிடாதா என்றால், வளர வளர வெட்டிவிடுவார்கள். இவ்வளவுதான். இந்தப் பகுதிக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கத் தயங்க வேண்டாம். இரண்டு மாணவர்களை நிறுத்தி மும்முறை படிக்கச் சொல்லுங்கள்: முதலில் கேட்பவர் உண்மையிலேயே ஒன்றும் அறியாதவர் என்ற பாவனையில், அடுத்து, எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போலக் கேட்கிறார் என்ற பாவனையில், மூன்றாவதாக, அடக்கிய கோபத்துடன். எந்த வாசிப்பு பொருந்துகிறது என்று விவாதிக்கும்போது, ஒவ்வொருவரும் தம் கட்சிக்கு ஒரு வரியையாவது சுட்டிக்காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நவீனத்துவம், வளர்ச்சி பற்றிய விமர்சனம், சுற்றுச்சூழல் பார்வை என்று பின்னால் கட்டுரையில் எழுதவேண்டிய பெரிய சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சில வரிகளே பிடிமானம். பிடிமானம் இல்லாமல் அந்தச் சொற்களைக் கொடுத்துவிட்டால் அவை விடைத்தாளில் மிதக்கும்.

பிற்பகுதியை விரைந்து கடக்கலாம். வியாபாரிகள் காதர், தாமு, பத்திரிகை நிருபர் இசக்கி, கடலைத் தாத்தா ஆகியோரைச் சுற்றிச் சுழலும் வியாபாரப் போட்டியும் நகரசபை அரசியலும் மாணவர்களுக்கு அன்றாடம் பார்த்துப் பழகியவை, விளக்கம் தேவைப்படாது. ஆனால் நாவலின் குரல் இங்கே மாறிவிடுவதைக் கட்டாயம் கவனிக்கச் செய்ய வேண்டும். ஆசானின் கதைகளில் இருந்த மாயம் வற்றி, கேலி ஏறியிருக்கிறது. முன்பகுதியிலிருந்து ஒரு பத்தியையும் பின்பகுதியிலிருந்து ஒரு பத்தியையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து, வாக்கிய நீளத்தையும் உவமைகளையும் ஒப்பிடச் சொன்னால் அரை மணி நேரத்தில் இது பிடிபட்டுவிடும்.

இனி மதிப்பீடு. என் அனுபவத்தில் இந்த நாவலுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வே பொருத்தமானது. புத்தகம் கையில் இருந்தால் காப்பியடிப்பார்கள் என்ற அச்சம், வினா சரியாக அமைந்தால் தானே மறைந்துவிடும். ‘காதரின் பாத்திரப் படைப்பை ஆராய்க’ என்பதற்கு நோட்ஸில் விடை உண்டு. ‘மரம் அழிந்ததற்குக் காரணமானவர்களுள் மிகக் குறைந்த குற்றம் யாருடையது? நாவலிலிருந்து இரண்டு இடங்களைக் காட்டி வாதிடுக’ என்பதற்கு இல்லை. ‘செல்லத்தாயி கதையை ஆசானுக்குப் பதிலாக அந்த ஊர்ப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தால் எந்த விவரம் விடுபட்டிருக்கும், எது கூடியிருக்கும்?’ என்பது இன்னும் நல்ல வினா; ஏனெனில், ஆசான் எதைச் சொன்னார் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் இதற்கு ஒரு வரிகூட எழுத முடியாது.

அக மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் என்றால், நான் 10 மதிப்பெண்ணைச் சான்று காட்டுவதற்கும், 10 மதிப்பெண்ணை அச்சான்றிலிருந்து வாதத்தைக் கட்டுவதற்கும், 5 மதிப்பெண்ணை மொழிக்கும் ஒதுக்குகிறேன். கதைச் சுருக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பிறகும் முதல் பக்கம் முழுவதும் சுருக்கம் எழுதுவார்கள், அது பழக்கதோஷம். சான்று என்றால் என்ன என்பதையும் எடுத்துக்காட்டித்தான் விளக்க வேண்டும். ‘மனிதனின் பேராசை இயற்கையை அழிக்கிறது என்பதை ஆசிரியர் அழகாகக் காட்டுகிறார்’ என்ற வாக்கியத்தில் தவறு எதுவும் இல்லை, ஆனால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும். ‘மரத்தை வெட்டுவதற்குக் கோடரி எடுத்தவர்கள் ஊருக்கு முன்னால் நின்றார்கள், கடைசியில் அதைக் கொன்றதோ மறைவில் நடந்த காரியம். ஊர் அரசியலும் இதேபோல் மறைவுக்குப் போய்விட்டதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். எழுத்துப்பிழைகள் ஏழெட்டு இருந்தன. 22 கொடுத்தேன்.

எழுத்தில் தடுமாறுகிற, ஆனால் நன்றாகப் படித்திருக்கிற மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை ஏதேனும் ஒரு பக்கத்தில் பிரித்துக் கொடுத்து, அரைப் பக்கம் படிக்கச் சொல்லி, ‘இதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? இதில் உங்களை உறுத்தும் சொல் எது?’ என்று கேட்டால் போதும். கைப்பேசியில் இயந்திரம் எழுதிக் கொடுத்த கட்டுரையை வைத்திருப்பவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அவரை அங்கேயே அவமானப்படுத்தாமல், அடுத்த வாரம் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள். பலர் வருகிறார்கள்.

கடைசி வகுப்புக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒப்படைப்பு இது. மரம் போன பிறகும் அந்த முச்சந்திக்கு மரத்தின் பெயர் நிலைத்துவிடுவதை நாவல் சொல்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் இப்படிப் பொருள் அழிந்து பெயர் மட்டும் எஞ்சிய ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி அறிந்த முதியவர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டும். எழுதி முடித்ததும், ஆசானுக்குப் போட்ட அதே மூன்று கட்டங்களை இந்த முதியவரின் கதைக்கும் போட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் இணைத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பின்பக்கத்துக்குத்தான்.