பக்கத்து வீட்டார் முகம் சுளிக்காத மட்குத்தொட்டி

நான் முதலில் செய்தது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியதுதான். "பூமியைக் காப்போம்" என்று பச்சை மையில் கொட்டை எழுத்து, அதன்கீழ் பதினொரு அறிவுரைகள். மூன்றாம் நாள் யாரோ அதன்மேலேயே காணாமல்போன சாவிக்கொத்தைப் பற்றிய தாளை ஒட்டிவிட்டார்கள். சாவி மறுநாளே கிடைத்துவிட்டது. என் அறிவுரைகளை யாரும் தேடவில்லை.

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். இன்று அவற்றில் 17 வீடுகளின் காய்கறிக் கழிவு கீழே நிற்கும் மூன்று பீப்பாய்களுக்குப் போய் மட்கி உரமாகிறது. நடுவில் பட்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் தெருவிலோ மாடிவீட்டிலோ இதைத் தொடங்க நினைத்தால் பயன்படும்.

தண்ணீர், மின்சாரம், வண்டி, குப்பை என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்காதீர்கள். ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் அடுக்களைக் கழிவை எடுத்ததற்குக் காரணம், அது எல்லா வீட்டிலும் தினமும் விழுகிறது. மூன்று நான்கு மாதத்தில் பலன் கைப்பிடி மண்ணாகத் தெரிகிறது. அதே கழிவு குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இந்தக் கணக்கை நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவரிடம் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் படிக்கட்டை விட்டு லிஃப்டுக்கு மாறினார்கள்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் குறைந்தது இரண்டு மாதம் தனியாகச் செய்யுங்கள். பிழையெல்லாம் உங்கள் கணக்கிலேயே முடியட்டும். நான் அந்தப் பொறுமை இல்லாமல் முதல் வாரமே ஆறு வீடுகளைச் சேர்த்துக்கொண்டேன். பத்தாம் நாள் பீப்பாயைத் திறந்தால் அழுகல் நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர், மூடியைத் தூக்கியதும் முகத்தில் மோதிய சிற்றீக்கள். கீழ்வீட்டம்மா சன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். "ஐயா, பூமியைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சன்னலுக்கு நேரே வைத்துத்தான் காப்பாற்ற வேண்டுமா?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

குற்றம் சருகின்மேல். அதாவது சருகு போடாத என்மேல். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்தும் ஈரமும் அதிகம், கரிமம் குறைவு. காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டைப்பெட்டி ஆகியவற்றில் கரிமம் நிறைய. தராசு தேவையில்லை: ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி நொறுங்கிய சருகு. ஒவ்வொரு முறை கொட்டியதும் மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சருகால் மூடினால் ஈ முட்டையிட இடம் கிடைக்காது.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு. பிடி விரிந்ததும் உதிர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர். பீப்பாயின் அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டு, செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மாமிசம், பால், எண்ணெய் தோய்ந்தவை வேண்டாம், எலி வரும். ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியல் தானாகவே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், 200 லிட்டர் பீப்பாய் அவ்வளவு சூடேறுவது அரிது. ஆகவே களை விதையும் நோய்பிடித்த செடியும் அதில் விழக்கூடாது.

நாற்றம் நான்கு நாளில் அடங்கியது. அதன் பிறகுதான் ஆள் சேர்க்கும் வேலை.

கூட்டம் போடாதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் ஒருவரும் வாளி எடுத்துவர மாட்டார்கள். இரண்டே பேரைத் தேடுங்கள்: செடி வளர்ப்பவர் ஒருவர், உங்கள்மேல் எரிச்சலில் இருப்பவர் ஒருவர். முதலாமவருக்கு உரம் தேவை. இரண்டாமவருக்கு உங்கள் குறைகள் அத்தனையும் தெரியும். முதல் உரத்தைச் சலித்து ஒரு பை நிறையக் கீழ்வீட்டம்மாவிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்; மழை பெய்த மண் வாசனை. "பீப்பாயை அந்த மூலைக்குத் தள்ளுங்கள், மூடியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன மூலை, எல்லோரும் வெளியே போகும் வழியில் இருந்தது. இடம் என்பது பாதி வேலை. வாசலுக்குப் போகிற வழியில் இருந்தால் வாளியைக் கையோடு கொண்டுவருவார்கள். பின்புறம் வைத்தால் யாரும் வருவதில்லை. சருகு மூட்டை பீப்பாயை ஒட்டியே இருக்கட்டும், அதற்குள் ஒரு முறம் கிடக்கட்டும்.

பலகையை இப்போதும் பயன்படுத்துகிறேன், வேறு விதமாக. "17 வீடுகள் தருகின்றன" என்று மட்டும் எழுதுகிறேன். சேராத ஏழு வீடுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்த்துத்தான் நாமும் செய்கிறோம், ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். கலிபோர்னியாவில் வீடுகளுக்கு அவர்கள் மின் செலவையும் தெருவின் சராசரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள். குறைவாகச் செலவழித்தவர்களின் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றது. எண்ணோடு ஒரு பாராட்டும் வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் பலகையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாராவாரம் ஒரு மண்புழு வரைகிறாள். புழுவுக்குச் சிரிப்பு உண்டு.

கிளறும் வேலையை வீடுவீடாகப் பங்கிடுங்கள். இதை ஒத்திப்போடவே கூடாது. நான்கு மாதம் நானே கிளறியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் படுத்தேன், அந்த வாரம் பீப்பாய் பழையபடி நாறியது. பொதுச் சொத்தை மக்களே காப்பது எப்படி என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் கண்டவற்றில் இரண்டு இங்கே அப்படியே பொருந்தும். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை வகுக்க வேண்டும். தண்டனை சிறியதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். பிளாஸ்டிக் உறையோடு கொட்டியவருக்கு எங்கள் முதல் தண்டனை, அந்த வாரக் கிளறலுக்குத் துணை நிற்பது. இரண்டாம் படிக்கு இன்னும் யாரும் போகவில்லை.

பீப்பாய் ஓடத் தொடங்கிய பிறகு மற்றவை தாமாக வந்தன. கிளறும்போது பேச்சு வளரும். பேச்சில் ஏணியும் துளையிடும் கருவியும் ஆளுக்கொன்று எதற்கு என்ற கேள்வி வந்தது. இப்போது படியடியில் ஓர் அலமாரியும் கையெழுத்து நோட்டும் இருக்கின்றன. சொட்டுகிற பொதுக் குழாயின் கீழ் ஒருவர் ஒரு லிட்டர்ப் பாத்திரத்தை வைத்தார், ஒரு மணி நேரத்தில் நிறைந்தது. நாளுக்கு 24 லிட்டர். மாலைக்குள் வாஷர் மாற்றப்பட்டது. பிரசங்கம் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று, சருகு. இலை உதிரும் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், பிறகு தேடினாலும் கிடைக்காது. தேவைக்கு இரண்டு மடங்கு சேர்த்து நனையாத இடத்தில் அடுக்குங்கள். எங்களிடம் இப்போது ஒன்றரை மூட்டைதான் மிச்சம். கீழ்வீட்டம்மா நேற்றிலிருந்தே என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை.