பெண்கள் மாநாட்டுக்குக் குடும்பத்தோட சிங்கப்பூர் வர்றீங்களா? இந்தத் தவறெல்லாம் பண்ணாதீங்க

ஊர்ல இருந்து கிறிஸ்தவ பெண்கள் மாநாட்டுக்குன்னு வர்ற சகோதரிங்க இப்ப தனியா வர்றது கொறஞ்சுடுச்சு, வீட்டுக்காரர், பிள்ளைங்க, சில சமயம் மாமியாரும் சேர்ந்து வர்றாங்க. நல்லதுதான், வீசா ஃப்ளைட்டுன்னு அவ்ளோ செலவு பண்ணி வரும்போது ஊரையும் பாத்துட்டுப் போகணும்ல. ஆனா இங்க இருந்துகிட்டு, வர்ற சொந்தக்காரங்களையும் சபை ஆளுங்களையும் கூட்டிட்டுப் போறப்ப ஒரு விஷயம் திரும்பத் திரும்ப கண்ணுல படுது. எந்த அம்மாவுக்காக இந்தப் பயணமே போட்டாங்களோ அந்த அம்மாவாலதான் கூட்டத்துல நிம்மதியா உக்கார முடியல.

காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், கூட்டம் நடக்கற நாள்லயே சுத்திப்பாக்கவும் டிக்கெட் போட்டுடறது. காலை செஷன் முடிஞ்சதும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், சாயங்காலம் திரும்பி ஆராதனைக்கு வந்துடலாம்னு கணக்கு போடறாங்க. யூனிவர்சல் முழு நாள் வேலைங்க. ஹார்பர்ஃபிரண்ட் ஸ்டேஷன்ல இறங்கி, விவோசிட்டி மாலுக்குள்ள ஏறிப் போய், சென்டோசா தீவுக்குப் போற சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் புடிச்சு உள்ள போறதுக்கே நேரம் ஓடிடும், அரை நாள்ல பாக்கறேன்னு போனா காசுதான் வீண். அதைவிட வருத்தம் என்னன்னா, செய்தி முடிஞ்சு முன்னால வாங்க ஜெபிக்கலாம்னு கூப்பிடற நேரம் இருக்கே, சிலர் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வருஷக்கணக்கா பாரத்தைச் சுமந்துகிட்டு கடல் தாண்டி வந்திருப்பாங்க, அப்பதான் வேதாகமத்துக்கு அடியில ஃபோன் மினுக்மினுக்குனு எரியும், "எங்க இருக்க, பிள்ளைங்க பசிக்குதுங்கறாங்க, வண்டி வந்துருச்சு"ன்னு, அவங்களும் பையைத் தூக்கிட்டு வரிசையில இருக்கறவங்க முழங்காலை எல்லாம் தாண்டி வெளியே ஓடுவாங்க. இதைப் பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். தயவுசெஞ்சு மாநாட்டு நாளை மாநாட்டுக்கே விட்டுடுங்க, சென்டோசா, மண்டாய் ஜூ, நைட் சஃபாரி எல்லாத்தையும் கூட்டம் முடிஞ்சதுக்கு அப்புறமா வைங்க.

முன்னாடி ஒரு நாள் ஓய்வும் வேணும். நம்ம ஊரைவிட இங்க இரண்டரை மணி நேரம் முன்னால, அதனால காலை 9 மணி செஷன்னா உங்க உடம்புக்கு அது 6:30 தான். ராத்திரி ஃப்ளைட்ல தூங்காம வந்து இறங்கி, பெட்டியைப் போட்டுட்டு நேரா ஹாலுக்குப் போனா முதல் செய்தி முழுக்க தூக்கத்துலயே போயிடும். மலேசியாவுல இருந்து பஸ்ல வர்றவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லையில இருக்கற ஜோகூர் பாலத்தை நம்பாதீங்க, பஸ் எவ்ளோ நேரம் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, முதல் கூட்டம் வெள்ளி ராத்திரின்னா காலையிலயே கிளம்பிடுங்க.

அடுத்து ஹோட்டல். நம்ம ஆளுங்க கண்ணை மூடிட்டு தேக்காவுலதான், அதாவது லிட்டில் இந்தியாவுலதான் ரூம் போடுவாங்க, இட்லி தோசை கிடைக்கும், முஸ்தஃபா கடை பக்கம்னு. தப்பில்ல, ஆனா கூட்டம் எங்க நடக்குதுன்னு பாத்துட்டுப் போடுங்க. சன்டெக் மாநாட்டு மையம்னா பக்கம்தான். சிங்கப்பூர் எக்ஸ்போ அரங்கம்னா அது கிழக்குக் கோடியில, சாங்கி ஏர்போர்ட்டுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி இருக்கு. லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல டவுன்டவுன் லைன் ஏறினா மாறாம எக்ஸ்போ போயிடலாம், ஆனா நடக்கறதையும் சேர்த்து ஒரு மணி நேரம் கையில வச்சுக்கோங்க. கூட்டம் குடியிருப்புப் பேட்டையில உள்ள ஒரு சபையிலன்னா பஸ்ஸும் மாறணும், அதை ரெஜிஸ்டர் பண்ணும்போதே அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. செப்டம்பர், அக்டோபர்ல ஃபார்முலா ஒன் கார் ரேஸ் வந்தா மரினா பே பக்கம் ரோடெல்லாம் மூடிடுவாங்க, ரூம் வாடகையும் எகிறிடும், தேதியைப் பாத்துக்கோங்க.

இப்ப அப்பாக்களுக்கு. அம்மா ஹால்ல இருக்கும்போது பிள்ளைங்களை யார் பாக்கறது, என்ன சாப்பாடு, எங்க போறதுன்னு ஊர்லயே உக்காந்து பேசி எழுதிக்கோங்க, இங்க வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேக்கக் கூடாது. செலவில்லாமயே நாளை ஓட்டலாம். எக்ஸ்போ பக்கம்னா ஒரு ஸ்டேஷன் போய் ஏர்போர்ட்டை ஒட்டின ஜுவல் மால்ல 40 மீட்டர் உயரத்துல இருந்து தண்ணி கொட்டறதைப் பாக்கலாம், பொட்டானிக் கார்டன் இலவசம், கார்டன்ஸ் பை த பேல வெளித் தோட்டமும் இலவசம், ராத்திரி 7:45க்கும் 8:45க்கும் அந்தப் பெரிய மரங்கள்ல லைட் ஷோ இருக்கு. எம்ஆர்டில, அதாவது இங்க உள்ள மெட்ரோ ரயில்ல ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டைத் தட்டி நாலு பேர் உள்ள போக முடியாது, 0.9 மீட்டருக்குக் கீழ உள்ள குழந்தைங்க பெரியவங்க கூட இலவசம். உள்ள சாப்பிடறது தண்ணி குடிக்கறது ரெண்டும் கூடாது, அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் போகும், அதனால புளியோதரை டப்பாவை ட்ரெயின்ல திறக்காதீங்க. கிராப் மாதிரி ஆப்ல புக் பண்ற வண்டியில 1.35 மீட்டருக்குக் கம்மியான பிள்ளைக்கு குழந்தை சீட் கட்டாயம், சாதாரண டேக்சிக்கு அந்த விதி இல்ல.

மாமியாரையோ அம்மாவையோ கூட்டிட்டு வர்றீங்கன்னா தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. இங்க பெரிய மாநாடு நிறைய இங்கிலீஷ்லதான் நடக்கும், சிலதுல ஹெட்செட் கொடுப்பாங்க, அதுக்கும் முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டியிருக்கலாம். ஒண்ணும் புரியாம பெரியவங்களை ரெண்டு நாள் உக்கார வைக்கறது பாவம். கைக்குழந்தையை ஹாலுக்குள்ள விடுவாங்களான்னும் கேளுங்க. அப்புறம் ஏசி, வெளிய வெயில் கொளுத்தும், உள்ள மலை ஊர் மாதிரி குளிரும், ஒரு ஸ்வெட்டரோ கனமான சால்வையோ கட்டாயம்.

ஒரு முக்கியமான விஷயம், இதைப் பலர் லேசா எடுத்துக்கறாங்க. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க இங்க மேடையேறி மதம் சம்பந்தமா பேசணும்னா மிசலேனியஸ் வொர்க் பாஸ்ங்கற அரசாங்க அனுமதி வேணும், அதை இங்க உள்ள ஏற்பாட்டாளர்தான் முன்னாடியே விண்ணப்பிக்கணும். "அக்கா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, நம்ம வீட்டுக் கூட்டத்துல ஒரு செய்தி கொடுக்கட்டும்"னு அன்பா கேட்டாலும் பாஸ் பத்திக் கேட்டுட்டுதான் சம்மதிக்கணும். கைப்பிரதி கட்டு கொண்டு வந்து தேக்காவுலயும் ட்ரெயின்லயும் கொடுக்கறதும் வேண்டாம், பல மதத்துக்காரங்க பக்கத்துப் பக்கத்துல வாழற சின்ன ஊர் இது, மத நல்லிணக்கத்துக்குன்னு 1990லயே தனிச் சட்டம் போட்டிருக்காங்க.

மெர்லயன் சிலைகிட்ட ஃபோட்டோ எடுத்துட்டுப் பழைய ஆலயங்களைப் பாக்காமப் போயிடறது எனக்கு ரொம்ப ஆதங்கம். சிட்டி ஹால் ஸ்டேஷன்ல இறங்கி மேல வந்தாலே செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். 1856ல ஆரம்பிச்சு இந்தியாவுல இருந்து கொண்டுவந்த கைதிகளை வச்சுக் கட்டினது. உள் சுவரைத் தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கும், அது மெட்ராஸ் சுண்ணாம்பு, சிப்பிச் சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் போட்டு இடிச்சு, தேங்காமட்டை ஊறின தண்ணி விட்டுக் குழைச்சுப் பூசுனது. நம்ம ஊர்க் கைவேலை, பேர் தெரியாத கைதிங்க பண்ணது, அங்க ஒரு நிமிஷம் நின்னு ஜெபிக்காம என்னால வர முடியாது. அங்கிருந்து பழைய கான்வென்ட்டான சைம்ஸ், குட் ஷெப்பர்ட் கதீட்ரல், 1835ல கட்டின ஆர்மேனியன் சர்ச் எல்லாம் நடக்கற தூரம். மத்தியானம் மழை அடிக்கும், குடை எடுத்துக்கோங்க.

எஸ்ஜி அரைவல் கார்டுங்கற ஆன்லைன் வருகைப் படிவத்தை வர்றதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள போடணும், இலவசம், காசு கேக்கற வெப்சைட்டுக்குப் போகாதீங்க. வேப் (இ-சிகரெட்) கொண்டு வரவே கூடாது.

திரும்பிப் போற ஃப்ளைட்டை ஞாயிறு காலையில போடாதீங்க. சனிக்கிழமை ராத்திரி கடைசிக் கூட்டம் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது, அம்மா பாதியில எழுந்து பெட்டி கட்ட ஓட வேண்டியிருக்கும். ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சர்ச், டோர்செட் ரோடு கிறைஸ்ட் சர்ச், கத்தோலிக்கருக்கு 1888ல தமிழர்களுக்குன்னே கட்டின ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம், மூணுமே தேக்காவை ஒட்டித்தான் இருக்கு. நேரத்தை முன்னாடியே பாத்துட்டுப் போங்க, மத்தியானத்துக்குள்ள கடைவீதி வேலையையும் முடிச்சுடுங்க, சாயங்காலம் ஆனா செராங்கூன் ரோட்ல பிள்ளைங்க கையைப் புடிச்சுட்டு நடக்கவே இடம் இருக்காது.