அப்பா எழுதிய உயிலை எங்கே தேடுவது?

அப்பாவின் உயிலைத் தேடுபவர்கள் பலரும் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். அதில் உயில் வராது. பதிவான உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ம் புத்தகத்தில் தனியாக இருக்கும். இறப்புச் சான்றிதழோடு மனுக் கொடுத்தால் தேடி நகல் தருவார்கள். உயிலை எந்த ஊரிலும் பதியலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். சொத்து கோத்தகிரியில் இருந்தாலும், அப்பா குன்னூரிலோ கோயம்புத்தூரிலோ பதிந்திருக்கலாம். சிலர் உயிலை உறையில் போட்டு ஒட்டி மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்திருப்பார்கள், அங்கேயும் கேளுங்கள்.

பதியாத உயிலும் செல்லும். அதனால் வீட்டில் பீரோ, டிரங்குப் பெட்டி, தேயிலை ரசீதுக் கட்டு எதையும் பார்க்காமல் எரித்துவிடாதீர்கள். நம் மலை ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிய்க்காமல் நிழலில் உலர்த்துங்கள். கிடைத்த உயிலில் பின்னைக்கூடக் கழற்ற வேண்டாம், அசல் அப்படியே இருப்பதுதான் நல்லது.

அப்புறம் புரோபேட். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று அது. நீலகிரியில் எழுதி, சொத்தும் இங்கேயே இருந்தால் அது கட்டாயமில்லை. ஆனால் உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு இருந்தால் வாங்கிவிடுவதே நிம்மதி. உயிலில் நிறைவேற்றுபவர் என்று பெயர் குறிப்பிட்டவர்தான் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க முடியும். அப்படி யாரும் இல்லையென்றால், உயிலின்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது இருக்கிறாரா என்று இப்போதே விசாரியுங்கள். வழக்கு என்று வந்தால் அவர் வாக்குமூலம்தான் முக்கியம்.